இருமல் தழை

முள்காட்டில் ஒரு கீரி இருந்தது. அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் பந்தய அதிகாரி. பதவி பெரியது, கூடமாட உதவ ஓர் எறும்புகூடக் கிடையாது.

ஒருநாள், எல்லாக் காடுகளும் ஓடும் பெரும் பந்தயத்தை நடத்துகிற பச்சைமலைப் பேரவையிலிருந்து ஓலை வந்தது.

"வேகமூட்டும் தழைகளைத் தின்றவர் பெரும் பந்தயத்தில் ஓடக் கூடாது. மீறினால் நான்கு மழைக்காலம் தடை. இந்தப் பட்டியலை எல்லோருக்கும் விளக்கிவிட்டதாகப் பதில் அனுப்பாத காட்டுக்குப் பந்தயத்தில் இடமில்லை!"

பட்டியலில் நூறு தழைகள். எல்லாமே மலைக்காட்டுப் பெயர்கள்.

"இதுல பாதி எனக்கே தெரியலையே! விசாரிச்சு, புதர் புதராப் போய்ச் சொல்ல ஒரு வருஷம் ஆகுமே!" என்று கீரி தலையைச் சொறிந்தது.

பந்தயத்துக்கோ பத்தே நாள். கீரி ஓலையை வேலமரத்தில் மாட்டியது. 'எல்லோருக்கும் விளக்கியாயிற்று' என்று பதில் அனுப்பியது. பாவம், அதற்குக் கெட்ட எண்ணம் இல்லை. அலுப்புதான், கொஞ்சம் பயமும்.

அந்தக் காட்டு மான் காற்றாய்ப் பறக்கும். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு அதற்கு இருமல் பிடித்தது. முள்காட்டில் இருமினால் எல்லோரும் தின்பது இருமல் தழைதான். மானும் தின்றது.

"நல்லா மென்னு தின்னு, தங்கச்சி!" என்று கீரியே சொல்லிவிட்டுப் போனது.

பந்தயத்தில் மான்தான் முதல்! முள்காடு ஜெயித்தது அதுவே முதல் தடவை. ஆனால் நடுவர் ஆந்தை மானின் நாக்கைப் பார்த்தது. நாக்கு நீலமாக இருந்தது.

"நீலப்பூண்டு! பட்டியலில் ஏழாவது!"

"ஐயா, அது எங்க காட்டு இருமல் தழைங்க! தின்னக் கூடாதுன்னு யாருமே சொல்லலையே!" என்று மான் பதறியது.

ஆந்தை கீரியின் பக்கம் திரும்பியது. "விளக்கியதாக எழுதியிருக்கிறீரே. சொன்னீரா, இல்லையா?"

"உண்மையைச் சொல்லுங்கண்ணே!" என்றது மான்.

'இல்லை' என்று கீரி சொன்னால் காடு முழுவதற்கும் தடை. பதவியும் போய்விடும்.

"சொன்னேன்" என்றது கீரி.

மானுக்கு நான்கு மழைக்காலம் தடை விழுந்தது. ஒரு மான் முழு வேகத்தில் ஓடுவதே நான்கு மழைக்காலம்தான்.

அதன்பிறகு கீரி புதர் புதராக அலைந்தது. ஒவ்வொரு தழையையும் பறித்துக் காட்டி விளக்கியது. மானின் புதருக்குப் போக மட்டும் அதற்குக் கால் வரவில்லை.

ஐந்தாம் மழையில் மானே தேடி வந்தது. நடை தளர்ந்திருந்தது.

"அண்ணே, என் குட்டி ஓடப்போகுது. அதுக்காவது சொல்லிக்கொடுங்க."

கீரி தலை நிமிராமலே சொல்லிக்கொடுத்தது.

விதியை எல்லோருக்கும் புரியவைக்காமல், புரியாமல் மீறியவரை மட்டும் தண்டிப்பது நீதியாகாது.