ஒட்டடை அடிக்காத மூலை

வாய்க்கால் ஓரத்து அந்த மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், குரு என்றால் நரைத்த தாடி இருக்கும் என்று நம்பி நேராக வைத்திலிங்கத்தின் காலில் விழுந்துவிடுவார்கள். அவர் பதறிப்போய் உள்ளே கை காட்டுவார். குரு சௌந்தரவல்லி அம்மா நாற்பதைத் தாண்டாதவர். சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த வைத்திலிங்கம் அவருடைய சீடர்.

மடத்தில் அவருக்குக் கொடுத்த பணி ஒட்டடை அடிப்பது. பெரிய ஞானம் தேடி வந்தவருக்கு இது கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் குறை சொல்லாமல் செய்துவந்தார்.

அன்று பிற்பகல், புகைகிற தூபக்காலைக் கையில் பிடித்தபடி அம்மாவின் முன் வந்து நின்றார். சாம்பல் தரையில் உதிர்ந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா."

"எந்த உயிரையும் கொல்லக் கூடாதுதானே?"

"ஆமா."

"அது கொட்டுற உயிரா இருந்தாலும்?"

அம்மா தூபக்காலைப் பார்த்தார். "பூசை நேரம் இல்லையே. சாம்பிராணி எதுக்கு?"

வைத்திலிங்கம் கொல்லைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அம்மா அதைக் கவனித்தார். அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அஞ்சலை! கொல்லைக் கதவைத் திறந்து, கொஞ்சம் கறிவேப்பிலை பறிச்சுட்டு வா."

"வேண்டாம்!"

மடத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. கத்தியவருக்கே தூக்கிவாரிப் போட்டது. சமையல் செய்யும் அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே இது? நானும் பாக்குறேன், கொஞ்ச நாளா என்னைக் கொல்லைப் பக்கமே விடமாட்டேங்கிறீங்க. கறிவேப்பிலையும் நீங்கதான், தண்ணியும் நீங்கதான். புது மாப்பிள்ளைகூட இப்படி விழுந்து விழுந்து வேலை செய்ய மாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார்.

"கதவு பூட்டித்தான் இருக்கு. காலையில நான்தான் பூட்டுனேன். கதண்டு ஒண்ணு உள்ள வந்து சுத்திட்டுப் போச்சு. கூடு எங்க இருக்கு, ஐயா?"

கதண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டாள். குளவியிலேயே பெரிய சாதி அது. போன வருஷம் வயலில் ஒன்றே ஒன்றுதான் அவளைக் கொட்டியது. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்று போகிற நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு தடவை கொட்டினால் பிழைக்க வைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். வைத்திலிங்கத்துக்கும் தெரியும்.

"கொல்லைக் கதவுக்கு மேலம்மா," என்றார் அவர். "வெளிப்பக்கம், ஓட்டுக்கு அடி மூலையில."

"எவ்வளவு பெரிசு?"

"இப்ப... தண்ணிக்குடம் அளவு."

"இப்பவா?"

அவர் தலை குனிந்தார். "பாத்து ரொம்ப நாளாச்சும்மா. சொன்னா கொளுத்திடுவாங்கன்னு சொல்லலை. தானா போயிடணும்னு தினமும் வேண்டிக்கிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மடியில நெருப்பைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. அதான் இந்தப் புகையைக் காட்டினா, கொல்லாம விரட்டிடலாம்னு..."

"விரட்டினா எந்தப் பக்கம் போகும்?"

வைத்திலிங்கம் கொல்லைப் பக்கம் திரும்பினார். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது இங்கே வரைக்கும் கேட்டது. இன்னும் சற்று நேரத்தில் மணி அடிக்கும். அத்தனை பிள்ளைகளும் அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடுவார்கள்.

அம்மா அவர் கையிலிருந்து தூபக்காலை வாங்கினார். சொம்புத் தண்ணீரை அதில் அப்படியே கவிழ்த்தார். நெருப்பு சீறி அடங்கியது.

பிறகு தீயணைப்பு நிலையத்துக்கு அவரே போன் செய்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவரே போய் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்தார். பிள்ளைகளை அன்று முன்வாசல் வழியாக அனுப்பினார்கள்.

தீயணைப்பு வண்டி பொழுது சாயும்போது வந்தது. வெளியே போனதெல்லாம் கூடு திரும்பிய பிறகுதான் கை வைக்க வேண்டும், பகலில் தொட்டால் ஊரையே துரத்தும் என்றார் வந்தவர்களில் மூத்தவர். தடித்த உடுப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திடுங்க. லைட்டை அணைச்சிடுங்க. நாங்க கூப்பிடுற வரைக்கும் யாரும் வெளிய தலை காட்டக் கூடாது."

இருட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலையை நடுவில் உட்காரவைத்துத் தலையோடு ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார் அம்மா. கொல்லைப் பக்கம் ஏணி சாத்துகிற சத்தம் கேட்டது. மருந்து அடிக்கிற சத்தம் கேட்டது. உடனே ஒரு ரீங்காரம் எழுந்தது. கதவே அதிர்கிற மாதிரி அது பெருகிக்கொண்டே போனது. வைத்திலிங்கம் காதைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளும் கேட்டது.

போர்வைக்குள்ளிருந்து அஞ்சலை மெதுவாகச் சொன்னாள்.

"ஏண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

பயம், வெட்கம், அவை சாகின்றனவே என்ற துக்கம், எல்லாம் அவருக்கு ஒன்றாக வந்தன. அழுதுவிட்டார்.

ரீங்காரம் குறைந்தது. பிறகு இல்லை.

கூட்டைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போய், தள்ளியிருந்த தரிசில் வைத்துக் கொளுத்தினார்கள். வண்டி கிளம்பியது. அம்மா விளக்கைப் போட்டார். அஞ்சலை உலை வைக்கப் போனாள்.

வைத்திலிங்கம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நீங்க போன் பண்ணுனீங்க. அவங்க கொன்னாங்க. இத்தனை உயிர் போன பாவம் யாருக்கும்மா சேரும்?"

"நீங்க முதல்ல பாத்தப்ப எத்தனை இருந்துச்சு?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. கூடு எலுமிச்சம்பழம் அளவுதான். அது மட்டும் போய்ப் போய் எதையோ கொண்டாந்து பூசிட்டு இருந்துச்சு."

"அப்ப உங்க கையில என்ன இருந்துச்சு?"

"ஒட்டடைக் கம்பு. எல்லா மூலையும் அடிச்சேம்மா. பாவம், அது வீடு கட்டுதேன்னு அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுட்டேன்."

அம்மா எழுந்து போய், சுவரோரம் சாத்தியிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"அது வெளிய போயிருந்த நேரமாப் பாத்து அந்த மூலையையும் அடிச்சிருந்தா, வாய்க்காலுக்கு அந்தாண்ட பனையில போய்க் கட்டியிருக்கும், ஐயா."