ஒரு பறப்புக்கு ஒரு வாக்கியம்

மழைக்காலத்தில் காட்டாறு பெருகினால் காடு இரண்டாகிவிடும். இந்தக் கரை விலங்குகள் அந்தக் கரைக்குப் போக முடியாது. எவ்வளவு உரக்கக் கத்தினாலும் வெள்ளத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அப்போதெல்லாம் சேதி கொண்டுபோவது பொன்னலகி என்ற மலைமைனாதான்.

பொன்னலகிக்கு ஒரு பறப்புக்கு ஒரு வாக்கியம்தான் நினைவில் நிற்கும். அதனால் முதலில் வந்தவரின் சேதியை வாக்கியம் வாக்கியமாகக் கொண்டுபோய் முழுவதும் முடித்த பிறகே அடுத்தவரைக் கூப்பிடும்.

அன்று முதலில் நின்றது கொம்பன் யானை. எதிர்க்கரையில் அதன் மச்சான் இருந்தது.

“எங்கள் பக்கம் பலா பழுத்துவிட்டது என்று மச்சானிடம் சொல்!”

மைனா பறந்துபோய்ச் சொல்லிவிட்டுத் திரும்பியது. “அடுத்து?”

“வாசனை மூக்கைத் துளைக்கிறது!”

மைனா மறுபடி பறந்தது. யானைக்குப் பின்னால் நரியும் முள்ளம்பன்றியும் கொட்டாவி விட்டன.

மைனா திரும்பி வந்து இறங்கியபோது, மினுக்கி என்ற முயலளவுச் சருகுமான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

“பொன்னலகி அக்கா! மேலே பாறை இடுக்கில் அடைத்துக் கிடந்த மரங்கள் நகர ஆரம்பித்துவிட்டன! அவை பெயர்ந்தால் தேங்கிய தண்ணீரெல்லாம் ஒரே பாய்ச்சலாக வரும். ஆறு பெருகியபோது என் குட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மணல்திட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது!”

“வரிசை என்றால் வரிசைதான், தங்கச்சி! நான் இன்னும் சுளையின் நிறத்தையே சொல்லவில்லை” என்றது யானை.

மைனா தயங்கியது. “அவசரக்காரரை முன்னால் விடலாமே?”

“அப்படியானால் எனக்குத்தான் ரொம்ப அவசரம்! என் சம்பந்தி கோபமாக இருக்கிறார்!” என்று நரி முன்னால் பாய்ந்தது.

“என் பழம் அழுகிவிடும்! அது அவசரமில்லையா?” என்று யானை பிளிறியது.

ஆளாளுக்குக் கத்தினார்கள். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து மரங்கள் உரசும் சத்தம் கேட்டது.

மைனா சிறகை அடித்துக்கொண்டு கத்தியது. “போதும்! இனி ஆளுக்கு ஒரு வாக்கியம். சொன்னதும் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். மறுபடி முறை வரும்!”

“என் சேதி துண்டு துண்டாகப் போனால் மச்சான் குழம்பிவிடுவாரே!”

“ஒவ்வொரு துண்டோடும் ‘இன்னும் வரும்’ என்று சொல்லிவிடுகிறேன். அவர் கோத்துக்கொள்வார்.”

யானை முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனது. நரி மூச்சை இழுத்துப் பிடித்தது.

“நான் நலம் என்றும், கோபம் வேண்டாம் என்றும், காடை பிடித்தால் எனக்கும் ஒன்று வேண்டும் என்றும், மேலும்...”

“நரியாரே! ‘நான் நலம்’ போதும்!” மைனா பறந்தது. போன வேகத்தில் திரும்பியது.

அடுத்தது முள்ளம்பன்றியின் முறை. அது மினுக்கியைத் திரும்பிப் பார்த்தது. “நீ முன்னால் போம்மா. என் சேதி நாளைக்குப் போனாலும் கெட்டுப்போகாது.”

மினுக்கி சொன்னது இவ்வளவுதான்: “மேட்டுக்கு ஓடு, கண்ணே!”

மைனா அம்பாகப் பாய்ந்தது. எதிர்க்கரையில் இறங்கி, தூங்கிய குட்டியின் காதிலேயே கத்தியது. குட்டி துள்ளி எழுந்து புதருக்குள் புகுந்து மேட்டில் ஏறியது.

மரங்கள் பெயர்ந்தன. வெள்ளம் அவற்றை உருட்டிக்கொண்டு வந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் மணல்திட்டு இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீர்ப் புகையில் எதிர்க்கரையும் மறைந்தது.

மினுக்கி கழுத்தை நீட்டி எதிர்க்கரையையே பார்த்தது. புகை மெல்ல விலகியது. மேட்டின் பெரணிச் செடிகளுக்கு நடுவே இரண்டு சின்னக் காதுகள் அசைந்தன! மினுக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

யானை துதிக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. “தங்கச்சி, நான் பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருந்தால்...” என்று இழுத்தது.

“விடுங்க அண்ணா, பிள்ளை பிழைத்துவிட்டது!” என்றது மினுக்கி.

யானையின் முறை மறுபடி வந்தபோது, பலாவை விட்டுவிட்டு, “மச்சான், ஆற்றுப் பக்கம் இறங்காதீர்கள்!” என்று சொல்லி அனுப்பியது. பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியமாகப் பலாச் சேதியும் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நரியின் சம்பந்திக்கும் கோபம் தணிந்தது. அன்றுமுதல் அந்த வரிசையில் யாரும் கொட்டாவி விடவில்லை.

பலருக்கும் பொதுவான வழியை ஒருவரே அடைத்துக்கொள்ளாமல் முறை வைத்துப் பகிர்ந்தால், பெரியவர் காரியமும் கெடாது, சிறியவர் உயிரும் பிழைக்கும்.