அடுத்த பந்தயத்துக்கு யார் யார் வருவார்கள்?

வேங்கைக் காட்டுக்குள் ஒரு பழைய மோட்டார் பந்தயத் தடம் வளைந்து கிடந்தது. மனிதர்கள் அதில் வண்டி ஓட்டினார்கள், புகை விட்டார்கள், கூச்சல் போட்டார்கள். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தார் வெடித்துப் புல் முளைத்தது. பெரிய வளைவில், வண்டிகள் மோதினாலும் அடிபடாமல் இருக்க அடுக்கிவைத்த கறுப்பு டயர்கள் மட்டும் அப்படியே நின்றன.

தடம் சும்மா கிடப்பானேன் என்று விலங்குகள் அதை எடுத்துக்கொண்டன. மழைக்காலம் முடிந்ததும் அங்கே பந்தயம் நடக்கும். அணிக்கு இரண்டு பேர். ஒருவர் பாதித் தடம் ஓடி மற்றவரைத் தொட வேண்டும், அவர் மீதியை ஓட வேண்டும். வென்ற அணிக்குத் தடத்தின் நடுவிலிருக்கும் பசும்புல் மேடு அந்த வருஷம் முழுவதும் சொந்தம்.

அந்த வருஷம் முயல் அணி வென்றது. தாவன் என்ற முயல் கடைசி வளைவில் காற்றாய்ப் பறந்தான். முள்ளம்பன்றி அணி வழக்கம்போலக் கடைசியாக வந்தது.

பந்தயம் முடிந்த மறுநாளே பேச்சு தொடங்கிவிட்டது. "அடுத்த பந்தயத்துக்கு எந்தெந்த அணி வரும்? எது வராது?"

இந்தப் பேச்சில் மிழலை என்ற மைனாவை மிஞ்ச ஆளில்லை. காடு முழுக்கப் பறப்பவள், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பவள். சாயங்காலம் டயர் அடுக்கின் உச்சியில் வந்து உட்காருவாள். கீழே மானும் முயலும் கோழியும் மந்தியும் கூடிவிடும்.

"சொல்லு மிழலை, சொல்லு! சருகுமான் அணி வருமா?"

மிழலை கழுத்தைச் சாய்த்து யோசிப்பதுபோல் பாவனை செய்தாள். "வராது! எழுதி வைத்துக்கொள்ளுங்கள்! மூத்தவள் பூளைக்குப் பின்னங்கால் இழுக்கிறது. தங்கச்சி சாமைக்குக்கூடத் தெரியாமல் மறைக்கிறாள். வெயில் சாய்ந்ததும் ஓடைப் பள்ளத்தில் தனியாய்ப் போய்ப் படுத்துக்கொள்கிறாளே, நான் பார்த்தேன்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. மிழலைக்கு மனம் குளிர்ந்தது.

சில நாளில் பூளையைக் காணவில்லை. சண்டை நடந்த சுவடு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஓடைப் பள்ளத்தில் சருகு மட்டும் வழவழவென்று அழுந்திக் கிடந்தது. சாமை அழுதுகொண்டே மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். சருகுமான் அணி கலைந்தது.

"மிழலை சொன்னது பலித்துவிட்டது!" என்றது காடு.

பூளைக்காக மிழலையும் வருந்தினாள். ஆனால், "நான்தான் சொன்னேனே" என்ற நினைப்பு அந்த வருத்தத்தை முந்திக்கொண்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் கூட்டம் இன்னும் பெரிதாக இருந்தது. எல்லோரும் பேசி ஓய்ந்த ஒரு நொடியில் மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "அடுத்து யார்?"

மிருதுவான குரல். யாரோ கூச்ச சுபாவமுள்ளவர் பின்னால் நின்று கேட்கிறார் என்று மிழலை நினைத்தாள்.

"அடுத்து காட்டுக்கோழி அணி!" என்றாள் உற்சாகமாக. "சேவல் செங்கொண்டையன் தங்கியிருந்த கிளை மழையில் ஒடிந்துவிட்டது. இப்போது தரையில், ஈச்சம்புதருக்குள் தூங்குகிறான். ஈரத்தில் தூங்கித் தூங்கி மூச்சு வாங்குகிறது. அவன் எங்கே ஓடப் போகிறான்?"

ஈச்சம்புதரும் வெறுமையானது. இரண்டு செந்நிற இறகுகள் கிடந்தன.

இப்போது காடு மிழலையைப் பாராட்டவில்லை. பயந்தது. அவள் பறந்து வந்தால் பேச்சு நின்றது. கருமூஞ்சி என்ற மந்தி கை நிறைய அத்திப்பழத்தோடு வந்து கும்பிட்டது.

"மிழலையம்மா, எங்கள் அணி வரும் என்றே சொல்லிவிடுங்கள்! வராது என்று மட்டும் உங்கள் வாயால் வந்துவிட வேண்டாம்!"

"நான் சொன்னதாலா போனார்கள்? கால் இழுத்தது, மூச்சு வாங்கியது, அதைத்தானே சொன்னேன்!" என்றாள் மிழலை. பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்கு ஏதோ உறுத்தியது. டயர்களுக்குள் தேங்கிய தண்ணீரில் முன்பெல்லாம் தவளைகள் கத்தும். இப்போது ஒரு தவளைச் சத்தமும் இல்லை. வெயில் போன பிறகும் அடுக்கு காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ரப்பர் அப்படித்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தாவன் அவளுக்கு உயிர்த்தோழன். அவளது கூட்டிலிருந்து குஞ்சு தவறி விழுந்தபோது, பருந்து பார்க்காமல் தன் வயிற்றுக்கடியில் மறைத்துக் காப்பாற்றியவன். அவனுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று மிழலை ஒரு வழி யோசித்தாள். வராது என்று சொன்னால் கெடுதல் வருகிறதா? அப்படியானால் வரும் என்று சொன்னால் நல்லது நடக்கட்டும்!

அன்று சாயங்காலம் அடுக்கின் மேல் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவினாள்.

"முயல் அணி நிச்சயம் வரும்! வந்தால் அதுதான் ஜெயிக்கும்! தாவன் தினமும் விடியும்போதே எழுந்து, யாரும் பார்க்காதபோது தனியாக ஓடிப் பழகுகிறான். அவனை யாரும் அசைக்க முடியாது!"

தாவன் வெட்கத்தோடு காதை ஆட்டினான். கூட்டம் கலைந்து போனது. மிழலை நிம்மதியாகச் சிறகைக் கோதிக்கொண்டாள்.

"எந்த வளைவில் மெதுவாகத் திரும்புவான்?" என்றது அந்த மெல்லிய குரல்.

"வேறெங்கே, இதே வளைவில்தான்! இங்கே மட்டும் கல் பெயர்ந்து..." என்று சொல்லிக்கொண்டே மிழலை திரும்பிப் பார்த்தாள்.

யாருமில்லை. தடம் வெறிச்சோடிக் கிடந்தது. குரல் வந்தது காலுக்கடியிலிருந்து.

அவள் மெல்லக் குனிந்து டயர் அடுக்குக்குள் பார்த்தாள். கறுப்பு வளையத்துக்குள் இன்னொரு வளையம். அதற்குள் இன்னொன்று. டயருக்குக் கோலம் போட்டதுபோன்ற புள்ளிகள் கிடையாது. டயர் மூச்சு விடாது. உள்ளே சுருண்டிருந்த வளையங்கள் மெதுவாக விம்மின, மெதுவாக அடங்கின. அடியில் இரண்டு கண்கள் இமைக்காமல் அவளையே பார்த்தன.

மிழலை அலறிக்கொண்டு மேலே எழும்பினாள்.

"ஏன் பயப்படுகிறாய்?" என்றது மலைப்பாம்பு. "நான் துரத்தி ஓடுபவன் இல்லை, காத்திருப்பவன். எங்கே காத்திருக்க வேண்டும் என்று நீதானே சொல்லித் தந்தாய்?"

"நான் பந்தயத்தைப் பற்றித்தான் பேசினேன்!"

"நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்."

மிழலை நேரே தாவனின் புதருக்குப் பறந்தாள். "தாவா! நாளைக்கு ஓடப் போகாதே! டயர் அடுக்குக்குள் மலைப்பாம்பு இருக்கிறது! பூளையையும் சேவலையும் அதுதான் விழுங்கியிருக்கிறது. உன்னைப் பற்றியும் கேட்டது. நான்தான் சொல்லித் தொலைத்தேன்!"

தாவன் சிரித்தான். "நீ சொன்னது எப்போதாவது பொய்த்திருக்கிறதா? நான் வருவேன், ஜெயிப்பேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாய். அப்புறம் எனக்கு என்ன வந்துவிடும்?"

"அது வெறும் ஊகம், தாவா! எனக்கு வரப்போவது எதுவும் தெரியாது!"

"தன்னடக்கம்!" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

விடியற்காலையில் பனி தடத்தை மூடியிருந்தது. மிழலை வளைவின் மேல் சுற்றிச் சுற்றிப் பறந்து, தொண்டை கிழியக் கத்தினாள். பனிக்குள்ளிருந்து தாவனின் காலடி மட்டும் கேட்டது. தப், தப், தப். கிட்ட வந்தது.

"கத்து, மிழலை, கத்து! இன்னும் வேகமாய் ஓடுகிறேன்!" என்றான் அவன்.

வளைவில் காலடி மெதுவானது. பிறகு நின்றது.

பனி விலகியபோது தடத்தில் யாருமில்லை.

அதன் பிறகு மிழலை பேசவில்லை. முயலின் ஜோடிக்காரன் காட்டை விட்டே போய்விட்டான். அணிகள் ஒவ்வொன்றாக விலகின. சாயங்காலங்களில் வளைவுக்கு யாரும் வருவதில்லை. தாவனை விழுங்கிய பாம்பு வெகுநாள் அசையாமல் கிடந்தது. பிறகு ஒருநாள், வெறும் தடத்தைப் பார்த்து மீண்டும் கேட்டது. "அடுத்து யார்?"

தூரத்து மரத்திலிருந்து மிழலை அதைக் கேட்டாள். நான் சொல்லாவிட்டாலும் இது பசியோடு தேடத்தான் போகிறது என்று புரிந்தது.

அவள் முள்ளம்பன்றி கூரானிடம் போனாள். தடத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் சிமெண்ட் குழாய்தான் அவன் வீடு. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உன்னைப் பற்றி அந்தப் பாம்பிடம் பேச வேண்டும், கூரா. உன்னைக் கேட்காமல் பேச மாட்டேன். முடியாது என்றால் இப்படியே போய்விடுகிறேன்."

கூரான் வாசலுக்கு வந்து நின்றான். "பூளையிடம் கேட்டாயா?"

"இல்லை."

"தாவனிடம்?"

"அவனிடமும் கேட்கவில்லை."

கூரான் பெருமூச்சு விட்டான். "சரி, பேசு. எனக்கும் பயம்தான். ஆனால் இந்தக் குழாய்க்கு ஒரு வாசல்தான். மறுமுனையை மண் அடைத்துவிட்டது. வருகிறவன் முகத்தை நீட்டித்தான் வர வேண்டும்."

நடுப்பகலில் மிழலை டயர் அடுக்குக்கு மேலே, எட்டாத கிளையில் உட்கார்ந்தாள். "முள்ளம்பன்றி அணியும் வராது" என்றாள். "கூரானுக்கு ஏதோ நோய். முள்ளெல்லாம் உதிர்ந்துவிட்டது. குழாய்க்குள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறான்."

உள்ளே வளையங்கள் நெகிழ்ந்தன. "உன் வாய் பொய் சொன்னதே இல்லை" என்றது பாம்பு.

அது அடுக்கிலிருந்து வெளியே வழிந்தது. வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளத்தின் மேலா தினமும் உட்கார்ந்து பேசினேன் என்று மிழலை உறைந்துபோனாள். பாம்பு சத்தமில்லாமல் குழாய்க்குள் தலையை நுழைத்தது.

உள்ளே கூரான் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றான். முள் எல்லாம் சிலிர்த்து நின்றது. பாம்பு வாயைத் திறந்து பாய்ந்த அதே நேரத்தில் அவன் பின்னோக்கிப் பாய்ந்தான்.

குழாய் அதிர்ந்தது. பாம்பின் வால் தடத்தை ஓங்கி ஓங்கி அறைந்தது. கடைசியில் அது வாயும் தொண்டையும் முள்ளாக, தலையைத் தரையில் இழுத்துக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் போனது. சில நாள் கழித்து அங்கே கழுகுகள் வட்டமிட்டன. கூரான் பிழைத்தான். ஆனால் பாம்பின் ஒரு பல் அவன் இடுப்பில் ஆழமாக இறங்கியிருந்தது.

மழைக்காலம் வந்தது, போனது. பந்தய நாளன்று மந்திகள் மரத்தில் கூடின. தடத்துக்கு வந்தது ஒரே ஓர் அணி. கூரான் நொண்டி நொண்டிப் பாதித் தடம் நடந்து, தன் ஜோடியைத் தொட்டான். யாரும் கைதட்டவில்லை. பசும்புல் மேட்டில் மேய ஆளில்லாமல் புல் முற்றிக் காய்ந்து நின்றது.

"அடுத்த வருஷமாவது வேறு அணிகள் வருமா, மிழலை? உனக்குத் தெரியாததா?" என்று கேட்டது கருமூஞ்சி.

மிழலைக்குத் தெரிந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் சாமையை அவள் பார்த்திருந்தாள். சாமை எந்தப் பாறைக்கடியில் ஒதுங்குகிறாள், யாரோடு ஓடிப் பழகுகிறாள், எல்லாம் தெரியும்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் பறந்து போனாள்.

அடுத்தவரின் குறையையும் இருப்பிடத்தையும் ஊர்ப்பேச்சாக்குகிறவர், கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று அறியாமலே அவரைக் காட்டிக்கொடுக்கிறார்.