கோழிச் சூட்டில் செவந்த கை

பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு வருவா. கதகதன்னு தூங்க விட்டா சிவப்புச் சட்டையோட எழுந்திருப்பா. குளிர்ல விட்டா மஞ்சச் சட்டையோட முறைச்சுக்கிட்டுப் போயிடுவா. யாரு, சொல்லு பார்ப்போம்?

மருதாணிதான். அட, உன் கையிலேயே இருக்குடா கண்ணு! போர்வைக்குள்ள வை அதை. ம் கொட்டு, அப்போதான் கதை நகரும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு சித்தி இருந்தா, பேரு அங்கம்மா. அவ அக்கா மக ராக்கு, ஏழு வயசு, ஒரு இடத்துல நிக்காத கால். அது பனி கொட்டுற மலை ஊரு. அங்க ஒரு வழக்கம்: தேரன்னைக்குச் சாயங்காலம் பூசாரி எல்லாப் பிள்ளைங்க கையையும் விரிச்சுப் பார்ப்பாரு. எந்தக் கை ரொம்பச் செவந்திருக்கோ, அந்தக் கைதான் தேர் மணியை அடிக்கும். ராக்குவுக்கு அந்த மணி மேல உயிரு.

"சித்தி, எனக்கு வெச்சு விடு!"

"ஆடாம இருப்பியா?"

"இருப்பேன்!"

கொல்லையில இருந்ததே ஒரு மருதாணிச் செடி. அங்கம்மா தேரன்னைக்கு விடியக்காலை இலை பறிச்சு, சரக் சரக்குன்னு அரைச்சு அப்பி விட்டா. அப்புறம் திரும்பிப் பார்த்தா, ராக்கு ஓடையில சளப் சளப்புன்னு தவளை பிடிக்கிறா. கை வெளிறிப்போச்சு.

"அடியே! தண்ணில விட்டா எப்படிடி பிடிக்கும்?"

"தவளை அழகா இருந்துச்சு சித்தி."

அப்புறம் சித்தி ரெண்டாந்தடவை அரைச்சா. தோசைக்கல்லுல கிராம்பைப் போட்டு, புகையில கையைக் காட்டச் சொன்னா, சூடு பட்டா நிறம் ஏறும்னு. புகை மூக்குல ஏறிச்சு. அச்சூ! அச்சூ! ராக்கு மருதாணிக் கையாலேயே மூக்கைத் தேய்ச்சா. மூக்குதான் செவந்துச்சு.

ம்.

சிரிக்காதே. சித்தி சிரிக்கல. "பூசாரி மூக்கையா பார்ப்பாரு? எனக்குத்தான் தலையெழுத்து!"னு செடியை மொட்டையா உருவினா. ஒரு கைக்குத்தான் இலை தேறிச்சு. மூணாந்தடவை அரைச்சு அப்பி, வாழையிலை சுத்தி, ராக்குவைக் கூடையில முட்டை மேல படுத்திருந்த அடைக்கோழி முன்னாடி உட்கார வெச்சு, கையைக் கோழி வயித்துக்குக் கீழே நுழைச்சா.

"ஆடினா கொத்தும். கதகதன்னு வெச்சாத்தான் நிறம் ஏறும். புரியுதா?"

ஆடினா, டொக்! மறுபடி ஆடினா, டொக்! அப்புறம் ராக்கு அசையவே இல்ல.

சாயங்காலம் சித்தி இலையைப் பிரிச்சுப் பார்த்தா. செக்கச்செவேல்! "வாடி என் தங்கமே, ஓடலாம்!"

அப்போ தேர் மேளம், டம டம டம! கோழி மிரண்டு, கொக் கொக் கொக்குனு வேலி தாண்டிப் பறந்துடுச்சு. கூடையில ஒரு முட்டையில சின்ன ஓட்டை. ராக்கு அதை எடுத்துக் காதுல வெச்சா. உள்ள, டிக்... டிக்...

"சித்தி, உள்ள யாரோ தட்டுறாங்க."

"தட்டட்டும், நீ கிளம்பு! கொடு, நான் பிடிச்சுக்கிறேன்." சித்தி முட்டையை வாங்கினா. மூணு தடவை மருதாணி அரைச்ச அவ கை, சில்லுன்னு இருந்துச்சு. தட்டுறது நின்னுபோச்சு. ராக்கு அதைத் திருப்பி வாங்கித் தன் செவந்த உள்ளங்கையில பொத்தினா. டிக்... டிக்...

"கையை எடுடி! இந்த ஒரு கைக்காகச் செடியையே மொட்டையடிச்சேன்!"

"எடுத்தா குளிருமே. கதகதன்னு வெக்கணும்னு நீதானே சித்தி சொன்னே?"

தெருவுல பூசாரி கூப்பிட்டாரு, "இன்னும் எந்தப் பிள்ளை பாக்கி?"

கதை பொரிஞ்சாச்சு, கண்ணை மூடு.

ம்... ராக்கு என்ன பண்ணினா?

கையை எடுக்கல.