மோஷன் 240

திண்டுக்கல்லில் ஒரு டிவி கடையில் செங்கமலம் விற்பனையாளராக வேலை பார்த்தாள். மேலாளர் பரமானந்தம் அவளை மிரட்டி வைத்திருந்தார்.

"இந்த டிவியில படம் வினாடிக்கு அறுபது தடவைதான் மாறும். அட்டையில 'மோஷன் 240'ன்னு போட்டிருக்கு. வாங்க வர்றவங்ககிட்ட அறுபதுன்னு சொன்னே, அன்னிக்கே வேலை போயிடும்."

கபடி பார்ப்பதற்கென்று டிவி வாங்க வந்தார் சகாயராஜ். அட்டையைப் பார்த்துக் குழம்பினார்.

"240ன்னா 240 ஹெர்ட்ஸாம்மா? வினாடிக்கு 240 தடவை படம் மாறுமா?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இல்லைங்கய்யா, அது விளம்பரத்துக்கு வச்ச பேரு. நிஜக் கணக்கை நான் சொல்லக் கூடாது."

"மோஷன் வேற, ஹெர்ட்ஸ் வேறயா? தலை சுத்துதே! அப்போ நூறா?"

"குறைங்கய்யா."

"எண்பதா?"

"இன்னும் கொஞ்சம்."

"நாற்பது?"

"ஐயோ, அவ்வளவு குறைக்க வேண்டாம்!"

பரமானந்தம் பாய்ந்து வந்தார். "அறுபதுன்னு சொல்லிட்டியா?"

"நான் சொல்லலை சார். இப்போ நீங்கதான் சொன்னீங்க."

சகாயராஜ் சிரித்துவிட்டார். நிஜமாகவே 120 ஹெர்ட்ஸ் உள்ள பக்கத்து டிவியைக் காட்டி, "இதுக்கு பில் போடும்மா" என்றார்.