டிஸ்க் கடையை மூடாமல் காப்பாற்றிய விதம்

மழையில் நனைந்துவிடும் என்று மூளையை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வெளியே கிளம்புகிறவர்களின் ஊர் பூலாங்குறிச்சி. அங்கே பஸ் நிலையத்துக்கு எதிரே லூர்துராஜ் முதலாளிக்கு ஒட்டினாற்போல் இரண்டு கடைகள். ஒன்றில் வீடியோ கேம் டிஸ்க் விற்பனை, ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். மற்றது, மாதச் சந்தா கட்டிவிட்டு எந்த கேமையும் இஷ்டத்துக்கு விளையாடுகிற கூடம். அது பேச்சிமுத்துவின் பொறுப்பு.

குவைத்திலிருந்து முதலாளி போன் போட்டார். "கூடத்துல எத்தனை பேர் விளையாடுதாங்க, கடையில எத்தனை டிஸ்க் வித்திருக்கு, ரெண்டையும் ஒப்பிட்டு வைங்க. ஞாயித்துக்கிழமை கேப்பேன். எது கம்மியோ அந்தக் கடையை மூடிரலாம்."

ஆவுடையப்பன் தன் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு கேம் ஆடத் தெரியாது. ஆனால் அந்த ஸ்டூலை விட்டால் உலகத்தில் வேறெங்கே உட்காருவது என்றும் தெரியாது.

"எங்கூடத்துல கூட்டம் அலைமோதுது. நீங்க இப்பமே பூட்டைத் தேடி வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி," என்றான் பேச்சிமுத்து.

"ஒங்கூட்டம் தெரியாதாக்கும்? நேத்து ஒருத்தன் ஏசி காத்துக்கு வந்து, ஒரு கேமைத் தொட்டுட்டுத் தூங்கிட்டான். அவனும் கணக்கா?"

"தொட்டா ஆட்டக்காரன்தான். குறட்டை விட்டது அவன் சொந்த விஷயம்."

"அப்ப நான் விக்கித ஒரு டிஸ்க்குல வீடே விளையாடுது. எம்மச்சினன் வீட்டு எருமைகூட ஜன்னல்ல தலைய விட்டுப் பாக்குது."

"எருமை சந்தா கட்டுமா?"

ஆவுடையப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "கட்டாது," என்று ஒத்துக்கொண்டார்.

வழக்கு பால் சொசைட்டி அருணாசலத்திடம் போனது. பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கும் கருவி அவரிடம் இருந்ததால், ஊரில் எந்த அளவுத் தகராறுக்கும் அவர்தான் நீதிபதி.

"ஒப்பிடணும்னா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்லா? வித்த டிஸ்க்கு எங்க?"

"வித்துட்டேனே."

"போய்க் கொண்டு வாரும். ஏல பேச்சிமுத்து, விளையாடுத பயலுவ எங்க?"

"உள்ள விளையாடுதானுவ."

"வெளிய வரிசைல நிறுத்து."

ஆவுடையப்பன் வீடு வீடாக சைக்கிள் மிதித்தார். சும்மா வாங்கினால் திருட்டு என்று காசைத் திருப்பிக் கொடுத்தே ஒவ்வொரு டிஸ்க்கையும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ரோட்டின் ஒரு பக்கம் டிஸ்க் அடுக்கு, மறுபக்கம் ஆட்டக்காரர் வரிசை. நடுவில் அருணாசலம், கையில் கருவியோடு.

"இதுல வித்தது எத்தனை?"

ஆவுடையப்பன் குரல் இறங்கியது. "எல்லாம் திரும்பி வந்துட்டே. ஒண்ணுமில்ல."

"இதுல விளையாடுதவன் எத்தனை?"

"எல்லாரும் வரிசைல நிக்கானுவளே," என்று பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "ஒருத்தனும் இல்ல."

அருணாசலம் கருவியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "சமம்."

முதலாளியிடமும் அப்படியே சொன்னார்கள். "சமமா? அப்ப ரெண்டும் இருக்கட்டும்," என்று அவர் போனை வைத்துவிட்டார். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் டிஸ்க் வாங்க வந்தார். பேச்சிமுத்து பாய்ந்து மறித்தான். "ஒண்ணு வித்தா எங்கூடம் கம்மியாயிரும், அண்ணாச்சி."

வரிசையில் நின்றவன் கூடத்துக்குள் நழுவினான். ஆவுடையப்பன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீ உள்ள போனா எங்கடை கம்மியாயிரும்ல."

இருவரும் தீர ஆலோசித்தார்கள். கடைகளை மூடவேண்டிய நிலை இனி எந்நாளும் வரக்கூடாது என்று, இரண்டு ஷட்டரையும் இறக்கிப் பூட்டினார்கள்.

ஆவுடையப்பன் ஸ்டூலை மட்டும் மறக்காமல் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார். டிஸ்க் கேட்டு வருகிறவர்களிடம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்: "கடை இருக்கு. மூடல."