முப்பத்துநாலு மார்க்

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு நாற்பத்தைந்து.

மலைமேல் இருந்த அந்த வானியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கலியபெருமாளைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொல்வார்கள். அவர் பக்கத்தில் நிற்கும் சுகிர்தாவைக் கை காட்டுவார்.

"பேராசிரியர் அவங்க. நான் ஸ்டூடண்ட்."

கலியபெருமாள் இருபத்தாறு வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். ஒரு பத்திரிகையில் சுகிர்தா எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, அவரிடமே ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார். அவர் சுகிர்தாவை 'மேடம்' என்பார். சுகிர்தா அவரை 'சார்' என்பார்.

அந்தக் கட்டுரை ஒரே ஒரு எண்ணைப் பற்றியது. பிரபஞ்சம் பிறந்த புதிதில் கேலக்ஸிகள் எவ்வளவு வேகமாக வளர்ந்தன என்று சொல்லும் எண். மற்றவர்கள் எல்லோரும் அது நான்கு என்றார்கள். சுகிர்தா தன் இருபத்தேழாவது வயதில் கணக்குப் போட்டு, ஆறு என்றார். யார் சொல்வது சரி என்று பார்க்க அப்போது வழி இல்லை.

பதினெட்டு வருடம் கழித்து வழி வந்தது. பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தப்பட்ட விண்வெளித் தொலைநோக்கி அந்தப் பழைய கேலக்ஸிகளைப் படம் பிடித்து அனுப்பியது. அந்தப் படங்களிலிருந்து எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கலியபெருமாளின் வேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அளக்கிறவருக்கு வேலை முடியும்வரை விடை தெரியக் கூடாது. அதனால் கணினி காட்டும் விடையோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டிவைப்பார்கள். அந்த ரகசிய எண் ஒட்டிய கவருக்குள் இருக்கும். இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவரைப் பிரிக்கலாம். அப்போது கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கவர் என்னிடம் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட்டார்கள். கணினியில் பதின்மூன்று புள்ளி இரண்டு. கவரைப் பிரித்தேன். ஒன்பது புள்ளி ஒன்று. கழித்தால் நான்கு புள்ளி ஒன்று.



"சரி, டீ குடிக்கலாம்" என்றார் சுகிர்தா. டீ வந்தது. அவருடைய கிளாஸ் அப்படியே ஆறிப்போய்த் திரும்பிச் சென்றது.

மூன்று நாள் கலியபெருமாள் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் சுகிர்தாவின் அறைக்கு வேகமாக வந்தார். நான் அங்கே பிரிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், தப்பு கிடைச்சிருச்சு!"

"உட்காருங்க சார். மூச்சு வாங்குது. என்ன தப்பு?"

"படத்தோட ஓரத்துல ஒரு பெரிய நட்சத்திரம் இருக்கு. அதோட வெளிச்சக் கூசல்ல இருபத்திரண்டு கேலக்ஸியைக் கம்ப்யூட்டர் தள்ளிவிட்டிருக்கு. எல்லாம் அசல் கேலக்ஸி. திரும்பச் சேர்த்தேன்."

"சேர்த்தா?"

"அஞ்சு புள்ளி ஒன்பது!"

சுகிர்தா தாள்களை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"நிஜமான தப்புதான்" என்றார்.

"அதான் மேடம். நீங்க சொன்ன ஆறுதான் சரி."

"கணக்குல எத்தனை இடத்துல தப்பைத் தேடினீங்க?"

"பதினோரு இடம். பதினோராவதுல மாட்டுச்சு."

"பன்னிரண்டாவது?"

"அதான் கிடைச்சிருச்சே மேடம்."

சுகிர்தா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கீங்கல்ல?"

"இருபது வருஷம். திருத்தித் திருத்தி விரல் காய்ச்சுப்போச்சு."

"ஒரு பேப்பரைக் கூட்டினா முப்பத்துநாலு வருது. பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. என்ன பண்ணுவீங்க?"

கலியபெருமாள் சிரித்தார். "விட மனசு வருமா? மறுபடி முதல் பக்கத்துல இருந்து புரட்டுவேன். எங்கயாவது ஒரு மார்க் ஒளிஞ்சிருக்கும். நானா போட்டதில்லை மேடம். அந்தப் பிள்ளை எழுதினதுதான். நான் முதல்ல கவனிச்சிருக்க மாட்டேன்."

"முப்பத்தாறு வந்தா?"

"அடுத்த பேப்பரை எடுப்பேன்."

"அந்த முப்பத்தாறுல ரெண்டு மார்க் தப்பா விழுந்திருந்தா?"

"விழுந்திருக்கலாம். அதையெல்லாம் யாரு போய்..."



பிரிண்டர் ஒரு வெற்றுத்தாளைத் தள்ளியது. நான் அதை எடுத்து மடித்துக்கொண்டேன்.

"பிள்ளைங்களுக்கு அப்படித் தேடினது நல்லதுதான் சார்" என்றார் சுகிர்தா. "நான் உங்ககிட்ட படிச்சிருந்தா எனக்கும் தேடியிருப்பீங்க. இப்பவும் அதைத்தான் பண்ணியிருக்கீங்க."

கலியபெருமாள் தாள்களைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்த இருபத்திரண்டும் நிஜம் மேடம்."

"நிஜம். வெளியே எடுக்க வேண்டாம். பன்னிரண்டாவது இடத்தைப் பாருங்க. அதுக்கப்புறம் இருக்கிறதையும் பாருங்க."

"பார்த்தா மறுபடி நாலுக்கு இறங்கினாலும் இறங்கிடும்."

"இறங்கலாம்."

"உங்களோட பதினெட்டு வருஷம் மேடம்! நீங்க சொன்னது சரின்னு காட்டத்தானே நான் வேலையை விட்டுட்டு மலை ஏறி வந்தேன்?"

"என் கணக்கைக் கேட்டுத்தான் விடை சொல்லணும்னா, அவ்வளவு தூரத்துக்கு ஒரு டெலஸ்கோப்பை அனுப்பியிருக்க வேண்டாமே சார்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இன்னொரு கவர் இருக்கா?"

"இருக்கும்மா."

"புது எண் போடுங்க. கேலக்ஸிக்கெல்லாம் பேரை எடுத்துட்டு டம்மி நம்பர் குடுத்துடுங்க. எது விடையை ஏத்தும், எது இறக்கும்னு சாருக்குத் தெரியக் கூடாது. சார், நீங்க எங்கெல்லாம் தேடப்போறீங்கன்னு இப்பவே எழுதிக் குடுத்துடுங்க. அது முடிஞ்சதும் நிறுத்திக்குவோம்."

கலியபெருமாள் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். முப்பத்தொரு இடம்.

நான்கு மாதம் ஆயிற்று. இருபத்தாறாவது இடத்தில் ஏதோ தட்டுப்பட்டது. வெகு தொலைவில் இருக்கும் கேலக்ஸி சிவப்பாகத் தெரியும். பக்கத்திலேயே இருந்தாலும், தூசி மூடிய கேலக்ஸியும் சிவப்பாகத்தான் தெரியும். அப்படி முப்பத்தேழு பொய்யாக உள்ளே வந்திருந்தன. கலியபெருமாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, இதை எடுத்தா எந்தப் பக்கம் போகும்?"

நான் கவர் இருந்த இழுப்பறையைச் சாத்தினேன்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"கேட்டாலும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தேழையும் எடுத்துவிட்டு இருபத்தேழாவது இடத்துக்குச் சென்றார்.

இரண்டாவது முறை கையெழுத்துப் போட்டது ஒரு மழை நாள். சுகிர்தா அன்று மேசையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்.

"கவரைத் தொலைச்சிடலையே அண்ணே?"

"பத்திரமா இருக்கும்மா."

"தொலைச்சிருந்தா இன்னும் ஒரு நாலு மாசம் நிம்மதியா இருந்திருக்கலாம்" என்றார். மூவரும் சிரித்தோம்.

கணினியில் பதினொன்று புள்ளி ஐந்து. கவரில் ஏழு புள்ளி இரண்டு.

கலியபெருமாள் ஒரு தாளில் கழித்தலைப் போட்டார். வாத்தியார் கை. விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். வாய் திறந்து படிக்கவில்லை. தாளைத் திருப்பி சுகிர்தாவின் பக்கம் நகர்த்தினார்.

நான்கு புள்ளி மூன்று.

சுகிர்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தகரத்தில் மழை விழுந்தது.

"முப்பத்தொரு இடமும் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"கூசல்ல கிடைச்ச இருபத்திரண்டு?"

"உள்ளே இருக்கு."

"தூசி?"

"வெளியே போயிடுச்சு."

சுகிர்தா தாளை இரண்டாக மடித்தார்.

கலியபெருமாள் விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் கேட்டார். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மறுகூட்டலுக்குப் போடலாமா மேடம்?"

"வேண்டாம் சார்" என்றார் சுகிர்தா. "திருத்தினவரை எனக்குத் தெரியும்."